எவ்வளவு கஷ்டம் நல்லது? ஒரு கலத்தின் வரலாறு



"கஷ்டப்பட்டால்தான் பலம் வரும்" என்று பிள்ளைகளுக்கு நாங்கள் அடிக்கடி சொல்கிறோம். போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை, "எவ்வளவு கஷ்டம், சேர்?" என்று கேட்டுவிட்டது.

திருநெல்வேலிச் செம்மண்ணில் மிளகாய் நாற்றுப் போடுபவர்களுக்கு விடை தெரியும். பிடுங்கி நடுவதற்குச் சில நாள் முன்பு நாற்றுமேடைக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். அடியோடு நிறுத்த மாட்டார்கள். அப்படிப் பழகிய நாற்று வெயிலைத் தாங்கும்.

கலங்களும் இப்படிப் பழகுகின்றன. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் சிறுபங்கு, கலத்துக்குள் ஐதரசன் பரவொட்சைட்டு போன்ற தாக்கும் பொருட்களாக மாறுகிறது. அவை மிஞ்சினால் டிஎன்ஏயும் புரதமும் கெடும். இதுதான் ஒட்சியேற்றத் தகைப்பு. ஒட்சிசன் நஞ்சாவதும் எக்ஸ் கதிர் உடலைக் கெடுப்பதும் ஒரே வழியில்தான் என்று 1954இல் எடுத்துச் சொன்னவர் ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த றெபேக்கா கேர்ஷ்மன்.

1983இல் டெம்பிள், ஹால்புறூக் என்ற இருவர் ஈ.கோலை பற்றீரியாவுக்கு முதலில் மிகச் சிறிதளவு ஐதரசன் பரவொட்சைட்டுக் கொடுத்தார்கள். பிறகு கொல்லும் அளவு கொடுத்தார்கள். முதல் அளவில் பழகியவற்றில் அதிகமானவை பிழைத்தன, பழகாதவை மடிந்தன. 1985இல் கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் குழுவினர், சல்மொனெல்லா பற்றீரியா இப்படிப் பழகும்போது 30 புரதங்களைக் கூடுதலாக உருவாக்குவதைக் கண்டார்கள். சேதத்தைத் திருத்தவும் நஞ்சை உடைக்கவும் அது ஆயத்தமாகிறது.

எங்கள் கலங்களிலும் இதற்கு ஒரு காவல் உண்டு. கீப்1 என்ற புரதம் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். தகைப்பு வந்தால் பிடி தளரும். என்ஆர்எஃப்2 கருவுக்குள் போய்ப் பாதுகாப்புப் பரம்பரையலகுகளை எழுப்பும். 1990களின் இறுதியில் இதை விளக்கியது ஜப்பானின் யமமோட்டோ குழு.

2009இல் ஜேர்மனியில் உடற்பயிற்சி செய்த இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. விற்றமின் சி, ஈ மாத்திரைகளை நிறைய எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்கவில்லை. சிறு தகைப்பையும் அணைத்துவிட்டால் உடல் பழகாது. ஆகவே பின்னேரம் நடக்கப் போகிறவர்கள், வைத்தியர் சொல்லாமல் அந்த மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டாம். வைத்தியர் தந்ததை நிறுத்தவும் வேண்டாம்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். பற்றீரியா பிழைத்ததற்கு இரண்டு காரணங்கள்: முதல் அளவு சிறியது, அடுத்ததற்கு முன் ஆயத்தமாக நேரம் இருந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அந்த இழப்பை "அது உங்களைப் பலப்படுத்தியது" என்று யாரும் சொன்னால், கலத்தின் வரலாறு அதற்குச் சாட்சி சொல்லாது. இந்த மண்ணில் எந்தச் சமூகம் இழந்ததற்கும் அதுவே பொருந்தும்.

பிள்ளைகளுக்குத் தாங்கும் அளவு கஷ்டம் கொடுப்போம். பழக நேரமும் கொடுப்போம்.