பெட்டியின் நீளத்தை ஆர் தீர்மானிச்சது?

பழுகாமத்தில் பெட்டி என்றால் உழவு மெசினுக்குப் பின்னால் இழுபடுகிற பெட்டிதான். அதற்கு முன் மாட்டு வண்டில். மாட்டின் கழுத்து தாங்குகிற பாரத்துக்குள் வண்டிலின் நீளம் அடங்கியது. 1950களில் ரே விஜேவர்தனவின் பெயரோடு சேர்ந்த லான்ட்மாஸ்டர் வந்தும் கதை மாறவில்லை. இரண்டு சில்லு மெசினுக்குக் கட்டைப் பெட்டி. நீட்டினால் வரம்போரம் திருப்ப ஏலாது.

பாரம் ஒரு கணக்கு, இடம் இன்னொரு கணக்கு. ஒரு கியூப் மணல் 100 கன அடி, நாலரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். அதே பெட்டி நிறைய வைக்கோல் ஏற்றினால் மெசினுக்கு அது பாரமே இல்லை. அதனால்தான் மணலுக்குக் கட்டை, வைக்கோலுக்கு நீளம். கொழும்புத் துறைமுகத்துக் கொள்கலன்களிலும் இதே நியாயம்தான்: 40 அடியில் இடம் 20 அடியைவிட இரட்டிப்பு, ஏற்றக்கூடிய எடை இரட்டிப்பு இல்லை.

படுவான்கரையில் வாவியும் ஒரு அளவுகோல். எங்களுக்குப் பட்டிருப்புப் பாலம் இருந்தது. மண்முனையில் 2014 வரை பாதைதான் (வாகனம் ஏற்றும் மிதவையை எங்கட பக்கம் அப்படித்தான் சொல்வோம்). அதில் கொள்ளாத லொறி சுத்திப் போகவேணும். இல்லாட்டி நெல்மூட்டை கரையில் இறங்கி, அக்கரையில் திரும்ப ஏறவேணும். இரண்டு தரம் கூலி, விதைச்சவன் கணக்கில்.