தேநீர் உபசாரம்

ஜப்பானியர் ‘சானோயு’ என வழங்கும் தேநீர் உபசாரம், சொல்லின் நேர்ப்பொருளை நோக்கின், தேநீருக்கான வெந்நீர் என்பதற்குமேல் ஒன்றுமில்லையாயினும், அந்நாட்டின் கட்டடக்கலை, மட்பாண்டம், நந்தவனம் ஆகிய யாவற்றின் போக்கையும் அவ்வெந்நீரே மாற்றிவிட்டது.

1191-இல் சீனத்திலிருந்து மீண்ட எய்சாய் என்னும் பௌத்த பிக்ஷு தேயிலை விதை கொணர்ந்தார் என்பர். ஸென் பௌத்த மடத்துத் துறவிகள் போதிதருமர் உருவத்தின்முன் கூடி ஒரே கலத்தில் தேநீர் பருகிய வழக்கமே இவ்வுபசாரத்தின் வித்து. போதிதருமரைத் தென்னிந்திய அரசகுமாரரென்று சீன மரபு கூற, காஞ்சிபுரத்தாரென்று நம்மவர் உரிமை கொண்டாடுவர். தியானத்தில் உறக்கம் வந்ததற்காக அவர் அறுத்தெறிந்த கண்ணிமைகளே தேயிலைச் செடியாக முளைத்தன என்பது சரித்திரமன்று. எனினும் உறக்கம் போக்கும் இலைக்கு இதனினும் பொருத்தமான பிறப்பை நம் பௌராணிகராலும் கற்பித்தல் அரிது.

சீனப் பாண்டங்களைக் காட்டிப் பெருமை கொள்ளும் செல்வர் கேளிக்கையாகத் திரிந்திருந்த இதனை முராதா ஜுக்கோ எளிமைக்குத் திருப்ப, சாகாய் துறைமுகத்து வணிகர் குலத்திற் பிறந்த சென் நோ ரிக்யூ (1522–1591) பூரணமாக்கினார். அவர் அமைத்த அறை இரண்டே பாய் அளவு. வாயிலோ ஏறக்குறைய இரண்டடிச் சதுரம். வாளை வெளியே வைத்துவிட்டுப் பிரபுவும் தவழ்ந்தே உட்புக வேண்டும். ஓடு செய்பவராகிய சோஜிரோ கையால் பிடித்த கரடான கலங்களையே ரிக்யூ விரும்பினார். விருந்தினர் கற்றொட்டியில் கையும் வாயும் கழுவி, உள்ளே தொங்கும் எழுத்தோவியத்தையும் மலரையும் வணங்கி அமர்ந்தபின், உபசரிப்பவர் பட்டுத்துணியால் கருவிகளைத் துடைத்து, பச்சைத் தேயிலைப் பொடியில் வெந்நீர் வார்த்து மூங்கில் மத்தால் கடைவார். கெட்டியான தேநீராயின் ஒரே கலம் கைமாறும். ஒவ்வொருவரும் பருகியபின் விளிம்பைத் துடைத்தே அடுத்தவர்க்கு அளிப்பர். பாலுமில்லை, இனிப்புமில்லை, கருப்பட்டிக் காப்பிக்குப் பழகிய, முத்துக்குளித்துறையிலுள்ள நம் ஆலந்தலை ஊரார்க்கு அது கஷாயமாகவே தோன்றும்.

ஆலந்தலைக்கும் இவ்வுபசாரத்துக்கும் தொடர்பு இல்லாமலுமில்லை. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்து, 1544-இல் இவ்வூரிலிருந்தும் கடிதம் வரைந்த பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ககோஷிமாவிற் கரையிறங்கினார். பின்னர் வந்த சேசுசபைப் பாதிரியார் வலிஞ்ஞானோ, தம் சபை இல்லந்தோறும் தேநீருக்கு ஓர் அறை வேண்டுமென விதித்தார். ரிக்யூவின் சீடருள் ஒருவராகிய தகாயாமா உகோன் கிறிஸ்தவர். விசுவாசத்தைத் துறக்க மறுத்து 1614-இல் மணிலாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கலத்தைத் துடைத்துப் பகிரும் முறை பூசைப் பாத்திரத்தைப் பார்த்து வந்ததென்பாரும் உளர். துறவிகள் ஒரு கலத்திற் பருகியது பாதிரிமார் வருகைக்கு முந்தியதாதலின், அவ்வூகத்தை உறுதியாக ஏற்பதற்கில்லை.

1591-இல், அந்நாளில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் ஆணையால் ரிக்யூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் வழித்தோன்றல்களின் மூன்று மரபுகள் கியோட்டோவில் இன்றும் நிலவுகின்றன.

தேயிலைச் சிமிழ்களுக்கு உறை தைக்க அந்நாட்டு ஆசான்கள் சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளை அருமையாகப் போற்றினர். அக்கரையிலிருந்து சென்ற வரித்துணி ஒன்றை ஜப்பானியர் ‘சந்தோமே’ என்றே அழைத்தனர். அப்பெயர் மயிலாப்பூரைச் சார்ந்த நம் சாந்தோமே.