திண்ணையில் ஒரு சட்டாம்பிள்ளை

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் கட்வே என்றொரு குடிசைப் பகுதி இருக்கிறது. தாழ்வான நிலம். பெருமழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்துவிடும். அங்கே ஒரு கிறிஸ்தவ விளையாட்டுத் தொண்டு அமைப்பின் சார்பில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் ராபர்ட் கட்டெண்டே. பந்தின் பக்கமே வராமல் ஓரமாக நின்ற சில பிள்ளைகள் அவர் கண்ணில் பட்டார்கள். 2004இல் அவர்களுக்காக ஒரு சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்தார். லுகாண்டா மொழியில் அந்த விளையாட்டுக்குப் பெயர்கூட இருக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். அங்கே ஆடக் கற்றுக்கொண்ட ஃபியோனா முத்தேசியைப் பற்றி டிம் குரோதர்ஸ் எழுதிய புத்தகம் 2012இல் வந்தது. மீரா நாயர் இயக்கிய ‘குயின் ஆஃப் கட்வே’ திரைப்படம் 2016இல் வந்தது. ஒரு நல்ல ஆசான், ஒரு ஏழை மாணவி, உலக மேடை என்று கதை நம் நினைவில் தங்கிவிட்டது. அந்த ஆசானை நானும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பெண்ணிய வாசகியாக இந்தக் கதைக்குள் நுழையும்போது எனக்கு வேறொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. ஃபியோனாவுக்கு முதன்முதலில் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தது யார்?

கட்டெண்டே 1982இல் பிறந்தவர். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. முதலில் பாட்டி வளர்த்தார், பிறகு தாய். அந்தத் தாயும் அவருடைய எட்டு வயதில் இறந்துபோக, சித்தி பெரியம்மாக்களின் வீடுகளில் வளர்ந்தார். பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி உயிரோடு காப்பாற்றிய ஒருவர்தான் பின்னாளில் கட்வேயின் பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இடம் உண்டாக்கினார். அந்த இடம் புழுதி படிந்த ஒரு திண்ணை. ஆட வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கோப்பைக் கஞ்சி கிடைக்கும். பல பிள்ளைகள் முதலில் கஞ்சிக்காகவே வந்தார்கள். நம் ஊரில் மதிய உணவின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பசித்த வயிறு எந்தப் பாடத்தையும் உள்ளே விடாது.

முதலில் கூடியவர்கள் பையன்களே. 2005இல் ஒருநாள், தன் அண்ணன் பிரையன் எங்கே போகிறான் என்று பின்தொடர்ந்து வந்த ஒரு சிறுமி அந்தத் திண்ணையை எட்டிப் பார்த்தாள். அவள்தான் ஃபியோனா. வயது ஒன்பது அளவில் இருக்கலாம். அவள் பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்கவில்லை. அப்பா எய்ட்ஸ் நோயில் இறந்துவிட்டார். கட்டணம் கட்ட முடியாமல் பள்ளி நின்றுபோயிருந்தது. அவித்த சோளத்தைத் தெருவில் விற்றுக்கொண்டிருந்தாள். அழுக்காக இருக்கிறாள் என்று அங்கிருந்த பிள்ளைகள் விரட்டினார்கள். கட்டெண்டே அவளை உள்ளே அழைத்து, ஏற்கெனவே ஆடத் தெரிந்த ஒரு குழந்தையின் எதிரில் உட்காரவைத்தார். குளோரியா என்ற அந்தக் குழந்தைக்கு வயது நான்கு.

நான்கு வயதுக் குழந்தை ஒன்பது வயதுக்காரிக்குக் குருவானாள். காய்களின் பெயரும் அவை நகரும் விதமும் அவள் சொல்லித்தான் ஃபியோனாவுக்குத் தெரிந்தன. ஃபியோனாவின் கதையைச் சொல்பவர்கள் இதை ஓர் இனிமையான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கோ கல்வி வரலாற்றில் நின்று பார்க்கவேண்டிய இடம் இது.

தமிழ் படித்தவர்களுக்குத் திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும் புதிதல்ல. மூத்த மாணவன் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் அந்த வழக்கத்தோடு சேர்ந்தே ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியாரின் பெயரும் வரும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் படைவீரர்களின் மகன்களுக்காக நடந்த ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பில் இருந்தவர் அவர். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தன் இல்லத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அந்தச் சிறுவனின் பெயரும் வரலாற்றில் இருக்கிறது: ஜான் ஃபிரிஸ்கென்.

அந்தக் காலத்துத் திண்ணையில் சிறுமிகள் எங்கே இருந்தார்கள்? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கெடுப்பின் முடிவுகள் 1826இல் தொகுக்கப்பட்டன. உள்ளூர்ப் பள்ளிகளில் படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் சிறுமிகள் 4,540 பேர். அந்தச் சிலரிலும் கோயில் ஆடல் மரபைச் சேர்ந்த குடும்பத்துச் சிறுமிகள் இருந்தார்கள். ‘சட்டாம்பிள்ளை’ என்ற சொல்லுக்குப் பெண்பால் வடிவம் நம் வழக்கில் உருவாகாததற்கு இலக்கணம் காரணமில்லை. கட்வேயின் திண்ணையில் குளோரியா உட்கார்ந்த இடம் எவ்வளவு பெரியது என்பதை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

பலகையின் மேலேயும் ஒரு வரலாறு இருக்கிறது. சதுரங்கம் நம் நாட்டிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனபோது அரசனுக்குப் பக்கத்தில் நின்ற காய் மந்திரி. மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும். ஐரோப்பாவில் அது ராணியானது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பலகை முழுவதும் பாயும் வலிமை அதற்கு வந்தது. தமிழில் இன்றும் அதே காயைச் சிலர் மந்திரி என்கிறோம், சிலர் ராணி என்கிறோம். கடைசிக் கட்டம்வரை போய்ச் சேர்ந்த சிப்பாயும் அந்த ராணியாகலாம். சோளம் விற்ற சிறுமிக்கு இந்த விதியைச் சொல்ல ஒரு பெரியவர் வந்து உபதேசம் செய்யவேண்டியதில்லை. பலகையே சொல்லிவிடும்.

ஆனால் சிப்பாய் தனியாகப் போய்ச் சேர்வதில்லை. ஃபியோனாவின் தாய் ஹாரியட் அதிகாலை 2 மணிக்கு எழுந்து, ஐந்து கிலோமீட்டர் நடந்து, வெண்ணெய்ப்பழமும் கத்தரிக்காயும் வாங்கி வந்து தெருச் சந்தையில் விற்றார். சோளம் விற்கும் ஒரு மகள் விளையாடப் போனால் அன்றைய வருமானம் குறையும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு மகளை அனுப்பியவர் ஹாரியட். திண்ணையில் பிள்ளைகளுக்காகச் செலவழித்த மாலைகளை நாம் தொண்டு என்கிறோம், அது சரிதான். வீட்டில் ஹாரியட் செய்ததற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கடமை. தொண்டு என்றால் பெயர் எழுதப்படும், படம் மாட்டப்படும். கடமை என்றால் செய்தபோது யாரும் கவனிப்பதில்லை, செய்யாதபோது மட்டும் ஊர் கேட்கும். பெண்களின் உழைப்பு வரலாற்றில் ஏறாமல் போனதற்கு இந்தச் சொற்பிரிவினை ஒரு முக்கியமான காரணம்.

ஃபியோனா உகாண்டாவின் பெண்கள் இளையோர் பட்டத்தை மூன்று முறை வென்றாள். 2009இல் பெஞ்சமின், ஐவன் என்ற இரண்டு பையன்களோடு தெற்கு சூடானுக்கு விமானத்தில் போய், குழந்தைகளுக்கான அணிப் போட்டியில் வென்று திரும்பினாள். 2010இல் ரஷ்யாவின் காந்தி மான்சிஸ்க் ஒலிம்பியாடில் ஆடினாள். அங்கே தோல்விகளே அதிகம். 2012இல் இஸ்தான்புல் ஒலிம்பியாடில் அவளும் ஐவி அமோகோவும் மகளிர் கேண்டிடேட் மாஸ்டர் பட்டம் பெற்றார்கள். உகாண்டாப் பெண்களில் பன்னாட்டுப் பட்டம் பெற்ற முதல் இருவர் அவர்கள். பின்னர் ஃபியோனா அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பும் படித்தாள்.

உலகத் தரவரிசையை வைத்து அளப்பவர்களுக்கு இது சிறிய சாதனையாகத் தெரியலாம். அந்த அளவுகோலை நான் எடுக்கவில்லை. இங்கே மாறியது வேறு. நடப்பது நடக்கட்டும் என்று மட்டுமே பழக்கப்பட்ட ஒரு சிறுமி, அடுத்து என்ன வரும், அதற்கு அடுத்து என்ன வரும் என்று யோசித்துத் தன் கையால் ஒரு முடிவெடுத்தாள். வாடகைக்காரர் துரத்தும்போதும் வெள்ளம் ஏறும்போதும் ஓடிப் பழகிய குடும்பத்தில், நிதானமாக உட்கார்ந்து யோசிக்க ஒரு பெண்ணுக்கு நேரம் கிடைப்பதே ஓர் உரிமை.

அப்படியானால் கட்டெண்டேயை எப்படி நினைவில் வைப்பது? மீட்பராக நினைத்தால் ஃபியோனா மீட்கப்பட்டவளாக மட்டுமே எஞ்சுவாள். குளோரியாவும் ஹாரியட்டும் பின்புறத் திரைச்சீலையாவார்கள். என் பார்வையில் அவர் செய்த மிகப் பெரிய காரியம், தானே சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரு மாலையில் கொஞ்சம் நகர்ந்து நின்றது. தெரிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், நான்கு வயதுக் குழந்தையை நம்பி அதை ஒப்படைத்தது. தன்னை அவசியமற்றவராக்கிக்கொள்ளத் தெரிந்த தொண்டர்கள் எந்த ஊரிலும் குறைவு.

நம் நகரங்களிலும் மாநகராட்சிப் பூங்காவிலும் நூலக வாசலிலும் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதப்போகும் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தொண்டரின் பெயரை எழுதுங்கள். பலகைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சிறுமியின் பெயரையும், அன்றைய வியாபாரத்தை விட்டுப் பிள்ளையை அனுப்பிய அம்மாவின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். மூன்று பெயரும் ஒரே வரியில் வரட்டும்.