'உங்க பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு சார்!' - இன்சூரன்ஸ் மோசடி எப்படி நடக்கிறது? தப்பிப்பது எப்படி?

"சார், உங்க பழைய பாலிசியில 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் போனஸ் நிக்குது. ஏஜென்ட் அதை அமுக்கப் பாக்குறார். நாங்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ-ல இருந்து பேசுறோம்."

இப்படி ஒரு போன் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அது மோசடிதான். ஐ.ஆர்.டி.ஏ.ஐ என்பது ஐதராபாத்தில் இயங்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிப்பதுதான் அதன் வேலை. பாலிசி விற்பது, போனஸ் அறிவிப்பது, பிரீமியத்தை முதலீடு செய்வது எதையும் தாங்கள் செய்வதில்லை என்று அந்த ஆணையமே பலமுறை பொது அறிவிப்பு கொடுத்திருக்கிறது.

மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். பல வீடுகளில் பீரோவுக்குள் பழைய பாலிசிகள் இருக்கும். குறி வைக்கப்படுவது இவர்கள்தான்.

பணத்தை எப்படிக் கறக்கிறார்கள்?

முதலில் ஆசை காட்டுவார்கள். அடுத்து, "ஃபைல் சார்ஜ் கட்டுங்க", "ஜி.எஸ்.டி கட்டினால்தான் ரிலீஸ் ஆகும்" என்று சின்னத் தொகையில் ஆரம்பிப்பார்கள். அது கட்டியதும் இன்னொரு காரணம், இன்னும் பெரிய தொகை. கட்டிய பணத்தை விட மனசு வராமல் மேலும் மேலும் கட்டுவதுதான் இந்த மோசடியின் சூட்சுமம்.

இன்னொரு வகையும் உண்டு. "பழைய பாலிசியை சரண்டர் பண்ணிட்டு இந்தப் புது பாலிசியில போடுங்க, போனஸ் டபுள்" என்பார்கள். பழைய பாலிசியில் நஷ்டம் உங்களுக்கு, புது பாலிசியில் கமிஷன் அவர்களுக்கு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு வர வேண்டிய தொகையை வாங்க, நீங்கள் முன்பணம் கட்டத் தேவையே இல்லை. வரி பிடிக்க வேண்டி இருந்தால்கூட, தரும் தொகையில் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

என் பாலிசி விவரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பெயர், பாலிசி நம்பர், பிரீமியம் தேதி எல்லாம் சரியாகச் சொல்கிறார்களே என்றுதான் பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் தகவல்கள் கசிய வாய்ப்பு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவன வாடிக்கையாளர்களின் மருத்துவ ஆவணங்கள் உள்ளிட்ட விவரங்கள், டெலிகிராம் சாட்பாட் வழியாகக் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் செய்தி வெளியானது. 3 கோடிக்கும் அதிகமானவர்களின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் கூறினார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தாங்கள் சைபர் தாக்குதலுக்கு ஆளானதையும் பின்னர் உறுதி செய்தது.

ஆகவே, உங்கள் விவரம் தெரிந்திருப்பது மட்டுமே ஒருவர் கம்பெனி ஆள் என்பதற்கு ஆதாரம் ஆகாது. போனை வைத்துவிட்டு, பாலிசி பத்திரத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

எஃப்.டி கேட்டேன், இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டார்கள்!

ஃபிக்சட் டெபாசிட் போடப் போனவரிடம் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய இன்சூரன்ஸில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. இதற்கு சட்டத்திலேயே வழி இருக்கிறது. பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ரத்து செய்யலாம். இதற்கு 'ஃப்ரீ லுக்' காலம் என்று பெயர். முத்திரைத் தாள், மருத்துவப் பரிசோதனை போன்ற செலவுகளும், காப்பீடு இருந்த நாட்களுக்கான சிறு தொகையும் போக மீதி திரும்பக் கிடைக்கும். அதனால் பத்திரம் வந்ததும் உள்ளே வைத்துப் பூட்டாமல், எத்தனை வருடம் கட்ட வேண்டும் என்பதையாவது படித்துவிடுங்கள்.

நம் பக்கம் நடக்கும் தப்பு

"சுகர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறும், விடுங்க சார்" என்று சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. நாளை மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, நோயை மறைத்ததாகச் சொல்லி கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அந்த ஏஜென்ட் பதில் சொல்ல மாட்டார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போடாதீர்கள். மருத்துவமனை பில்லில் செய்யாத சிகிச்சையைச் சேர்க்கச் சம்மதிக்காதீர்கள், அதுவும் மோசடிதான்.

உண்மையாக நடந்துகொண்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் 3 ஆண்டுகள் முடிந்துவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டியிருந்தால், நோயை மறைத்தார் என்ற காரணத்துக்காக கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு.

வண்டி இன்சூரன்ஸ் ஒரிஜினலா?

குறைந்த விலைக்கு வாட்ஸ்அப்பில் வரும் பாலிசி போலியாக இருந்தால், விபத்தில் அடிபட்டவருக்கான நஷ்டஈட்டை வண்டி ஓனரே கொடுக்க வேண்டி வரும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் போய்விட்டது, என்ன செய்வது?

* உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோசடிக்காரரின் கணக்கில் பணம் இருக்கும்போதே முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.
* உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். கால் பதிவு, மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

கம்பெனி மீதே புகார் என்றால்?

* முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.
* ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும் பதிவு செய்யலாம். இலவச எண் 155255.
* 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தின் 4-வது மாடியில் இருக்கிறது.

இங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு இவர் தீர்ப்பளிக்கலாம். கம்பெனி பதில் தந்ததில் இருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

வீட்டில் அப்பா, அம்மா பெயரில் பாலிசி இருக்கிறதா? எந்தக் கம்பெனி, எப்போது முடிகிறது, எவ்வளவு வரும் என்று அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். வர வேண்டியது எவ்வளவு என்று தெரிந்தவரிடம், இல்லாத போனஸை யாரும் விற்க முடியாது.