அச்சு, எம்பிராய்டரி ஆடைகளின் விலை

பள்ளி, கல்லூரி, நிறுவனம், விளையாட்டு அணி போன்றவை தங்கள் பெயரையோ சின்னத்தையோ பொறித்து வாங்கும் ஆடைகளின் விலையில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது துணியை. ஆனால் ஒரே துணியில், ஒரே டிசைனில் 20 ஆடைக்கும் 400 ஆடைக்கும் இடையே விலை வெகுவாக மாறுவதற்குக் காரணம் துணியன்று. பொறிப்பதற்கு முன் நடக்கும் ஆயத்த வேலை.

பின்னலாடை நகரமான திருப்பூரில் பின்னல் துணி கிலோ கணக்கில் விலை போகிறது. ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையை ஜி.எஸ்.எம். என்பார்கள். வட்டக் கழுத்து டி-சர்ட்டுக்கு 160 முதல் 180 ஜி.எஸ்.எம். வரையும், காலர் வைத்ததற்கு 220 அளவிலும் துணி எடுப்பது வழக்கம். எடை கூடினால் நூல் கூடும், விலையும் ஏறும். வெள்ளையைவிடக் கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்குச் சாயம் அதிகம் செலவாகும். கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் செலவும் இன்று சாயக் கூலிக்குள் இருக்கிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான செலவு.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். அடர் நிறத் துணியானால் மேலே வரும் நிறம் எடுப்பாகத் தெரிய, அடியில் வெள்ளை ஒரு கோட் அடிக்க வேண்டும். எனவே கறுப்பு டி-சர்ட்டில் மூன்று நிற டிசைனுக்கு நான்கு ஸ்கிரீன். ஒரு ஸ்கிரீன் தயாரிக்க 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,600 ரூபாய். இது 20 ஆடைக்குப் பிரிந்தால் ஆடைக்கு 80 ரூபாய். 400 ஆடைக்குப் பிரிந்தால் 4 ரூபாய். தைப்பதற்கு முன்பே வெட்டிய துணியில் அச்சடித்தால், பழுதாகும்போது ஒரு துண்டோடு இழப்பு நின்றுவிடும். தைத்து முடித்த ஆடையில் அடித்தால் முழு ஆடையும் வீண். அதற்கான தொகையையும் பட்டறைகள் விலையில் சேர்த்தே சொல்கின்றன.

டிஜிட்டல் முறைகளில் ஸ்கிரீன் செலவு கிடையாது. பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டும் டி.டி.எஃப். முறையில் நிறங்களின் எண்ணிக்கை பொருட்டில்லை. டிசைன் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதே கணக்கு. ஒன்றிரண்டு ஆடைக்கு இதுவே கட்டுப்படியாகும். சூட்டில் ஆவியாகும் மையை இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் முறை பாலியெஸ்டரில், அதுவும் வெளிர் நிறத்தில் மட்டுமே எடுபடும். வீரருக்கு வீரர் பெயரும் எண்ணும் மாறும் பாலியெஸ்டர் விளையாட்டு ஜெர்சிகள் அதனால்தான் பெரும்பாலும் அம்முறையில் வருகின்றன.

எம்பிராய்டரியில் கணக்கே வேறு. இங்கே கூலி ஸ்டிச் எண்ணிக்கையில். டிசைனை எந்திரம் படிக்கும் கோப்பாக மாற்றும் பஞ்சிங் வேலைக்கு ஒருமுறை பணம். பிறகு ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்று கூலி. மார்புப் பக்கச் சின்னம் ஒன்றில் 8,000 ஸ்டிச் இருந்து, எந்திரம் நிமிடத்துக்கு 800 ஸ்டிச் போட்டால், ஊசி ஓடும் நேரம் மட்டும் 10 நிமிடம். 20 தையல் தலை கொண்ட எந்திரத்தில் அதே நேரத்தில் 20 ஆடை முடியும். எந்திரத்தில் ஏற்கெனவே பல ஊசிகள் இருப்பதால் நிறம் கூடினாலும் செலவு அதிகம் ஏறாது. பரப்புதான் விலையை ஏற்றும். சின்னத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். நிரப்பித் தைக்கும் சின்னத்தில் ஸ்டிச்சும் ஏறக்குறைய அதே அளவு கூடும். பெரிய சின்னம் வேண்டுவோர் நடுப்பகுதியை வேறு துணியால் ஒட்டுத்தையலாகப் போட்டுச் செலவைக் குறைக்கலாம். மெல்லிய துணியில் அடர்ந்த எம்பிராய்டரி போட்டால் சுருக்கம் விழும் என்பதால், அதைத் தேர்ந்தெடுப்பவர் துணிக்கும் கூடுதலாகச் செலவிட நேரும்.

ஸ்கிரீன் அச்சுக்கு மிகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது மை காய்ச்சும் சூட்டை. வழக்கமான பிளாஸ்டிசால் மை அடிவரை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும். அதிக எண்ணிக்கைக்காக உலர்த்தும் எந்திரத்தின் பெல்ட்டை வேகமாக ஓட்டினால் சில சலவையிலேயே அச்சு வெடித்துவிடும். வாங்கும் அன்று கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. சாம்பிள் ஆடையைச் சில முறை துவைத்துப் பார்ப்பதே வழி.

இந்த விலையின் மேல் வரியும் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. உண்டு.

மறு ஆர்டரிலும் ஸ்கிரீன் அச்சு, எம்பிராய்டரி ஆகிய இரு முறைகளுக்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. ஸ்கிரீனைக் கழுவி அடுத்த டிசைனுக்கு எடுத்துவிடுவதால், சில மாதம் கழித்து வருபவர் அச்சுக்கு மீண்டும் ஆயத்தச் செலவு தர நேரலாம். பஞ்சிங் கோப்பு அப்படியே இருக்கும். சின்னத்தின் அளவு மாறாதவரை அதற்கு மறுபடியும் பணம் தர வேண்டியதில்லை.