ஆசிரியர் பணியிடைப் பயிற்சி

வேலையில் சேர்ந்துவிட்ட ஆசிரியர்கள் தங்கள் கற்பித்தலைச் செம்மைப்படுத்திக்கொள்ளப் பெறும் பயிற்சி பணியிடைப் பயிற்சி எனப்படும். பட்டயமோ கல்வியியல் பட்டமோ பெறும்போது கிடைக்கும் பணிமுன் பயிற்சி ஒருமுறையோடு முடிந்துவிடும். பணியிடைப் பயிற்சியோ ஓய்வுபெறும்வரை தொடர்வது.

தமிழ்நாட்டில் இதற்கான திட்டங்களை வகுப்பது சென்னையிலுள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. ஆசிரியர்கள் ‘டயட்’ என்றே சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்கு அது முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் வட்டார வள மையங்களும் அவற்றின்கீழ்க் குறுவள மையங்களும் வந்தன. இந்த அடுக்குகளின் வழியே பயிற்சி எப்படி இறங்குகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நெல்லைக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிச் சிற்றாற்றங்கரையில் உள்ள கங்கைகொண்டான் மானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். ஒரு புதிய கற்பித்தல் முறை அங்குள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் வந்து சேர்வதற்குள் மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என மூன்று வாய் மாறிவிடும். வழியில் முதலில் உதிர்வது செய்துகாட்டல். சொற்கள் மட்டும் கடைசிவரை தப்பாமல் வந்துவிடுகின்றன.

இந்தக் குறையை ஆய்வுகளும் சுட்டியிருக்கின்றன. கேட்டதையும் பார்த்ததையும் வகுப்பில் நிலைநிறுத்த, உடனிருந்து வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்று அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே வலியுறுத்தினர். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015இல் தொடங்கிய சோதனை இதைத் தெளிவாக்கியது. இரு தொகுதிப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வாசிப்புப் பொருள்கள். ஒரு தொகுதி ஆசிரியர்கள் ஓரிடத்தில் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். மறுதொகுதி ஆசிரியர்களின் வகுப்புக்கே பயிற்றுநர் மாதந்தோறும் போனார். இரண்டாம் தொகுதிப் பிள்ளைகளின் வாசிப்பில் பயிற்சியால் கிடைத்த கூடுதல் முன்னேற்றம் மற்றதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த மத்தேயு கிராஃப்ட் குழுவின் கட்டுரையும் உடனிருந்து வழிகாட்டுவதன் பயனை உறுதிசெய்தது. ஆனால் திட்டம் பெரிதாகும்போது பலன் குறைவதையும் அது மறைக்கவில்லை.

நமக்கு அருகிலுள்ள ஆந்திரச் சோதனை ஒன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2010இல் வெளியிட்டது அது. பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். பார்வையாளர் வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணோ உயரவில்லை.

தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவமும் உண்டு. ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. முன்னின்றவர் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார். ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கே கரும்பலகை வந்தது. பிள்ளைகள் கற்றல் அட்டைகளைக்கொண்டு அவரவர் கற்றல் ஏணியில் அவரவர் வேகத்தில் ஏறினார்கள். மாநிலம் முழுவதற்கும் பரப்புமுன் ஒன்றியந்தோறும் மாதிரிப் பள்ளிகள் அமைத்து, மற்ற ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அட்டைகளைவிட, இன்னோர் ஆசிரியரின் நடக்கும் வகுப்பைக் கண்ணால் பார்த்ததே அந்த முறையின் உயிர் என்று கொள்ள வேண்டும். 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. ஆசிரியர் கையேடும் பருவந்தோறும் பயிற்சியும் உண்டு.

பயிற்சியையும் வகுப்பறையையும் இணைக்க வேண்டியவர் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். இவர் பட்டதாரி ஆசிரியர் நிலையில் உள்ளவர். பள்ளிக்குப் போய் வகுப்பைப் பார்ப்பதும், உடன் நின்று ஒரு பாடத்தை நடத்திக் காட்டுவதும், பிறகு ஆசிரியரோடு அமர்ந்து பேசுவதுமே அவருடைய முதன்மைப் பணி. புள்ளிவிவரம் திரட்டலும் இணையப் பதிவேற்றமும் அவருடைய நேரத்தை விழுங்கிவிடுகின்றன என்பது ஆசிரியர்களின் நெடுநாள் மனக்குறை. அது நியாயமானது; அவர் வகுப்பில் இருக்க வேண்டிய தேவை பெரிது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே மூன்று வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக்கொள்வார். மலர் நிலைப் பிள்ளை கணக்கை முடித்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும்போது, அரும்பு நிலைப் பிள்ளை இன்னும் ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் இடையே தடுமாறுகிறது. கரும்பலகையின் பக்கம் திரும்பி எழுதுகிறவருக்கு அது தெரியாது. கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநருக்குத் தெரியும்.