செம்புக் கம்பியில் வந்த இணையம்

'வைஃபை' காற்றில் வருகிறது என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், வீட்டுக்கு இணையம் முதலில் கம்பியில்தான் வந்தது. அதுவும் புதுக் கம்பி இல்லை. தொலைபேசிக்காகச் சுவரில் ஆணி அடித்து இழுத்திருந்த அதே இரட்டைச் செம்புக் கம்பி.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது விதேஷ் சஞ்சார் நிகம், 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போதெல்லாம் தொலைபேசி எண்ணை அழைத்துத்தான் உள்ளே போக வேண்டும். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிற்காலத்து மோடம்களும் நொடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்டவில்லை. கணினி பேசிக்கொண்டிருக்கும் வரை வீட்டுத் தொலைபேசி 'எங்கேஜ்டு'. மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இந்தக் கம்பி வித்தை ஓரளவு காதில் விழுந்ததுதான். 1980களில் பிரான்சிலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி வரும் உறவினர்கள் 'மினிடெல்' பற்றிச் சொல்வார்கள். சின்னத் திரை, ஒரு விசைப்பலகை. 1982 முதல் அது அந்நாடு முழுவதும் பரவியது. தொலைபேசி டைரக்டரி பார்ப்பது, ரயிலில் இடம் பதிவு செய்வது எல்லாம் அதில் நடந்தன. வீட்டுக்கு வருவது நொடிக்கு 1200 பிட், வீட்டிலிருந்து போவது 75 பிட். நாம் வாங்குவது அதிகம், அனுப்புவது குறைவு என்ற கணக்கு. 2012 ஜூன் 30 அன்று அதை மூடினார்கள்.

அதே கணக்குதான் நம் வீட்டு ஏ.டி.எஸ்.எல். பிராட்பேண்டிலும். 2004இல் மத்திய அரசின் கொள்கை, குறைந்தது 256 கிலோபிட் வேகமும் எப்போதும் திறந்திருக்கும் இணைப்பும் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தது.

வித்தை இதுதான். மனிதக் குரலுக்குக் கம்பியின் அடிப்பகுதி அதிர்வெண்களே போதும், சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலே காலியாகக் கிடந்த இடத்தில் இணையத்தை ஏற்றினார்கள். வீட்டில் 'ஸ்பிளிட்டர்' என்ற சிறு டப்பா இரண்டையும் பிரிக்கும். ஒரு வழி தொலைபேசிக்கு, ஒரு வழி மோடத்துக்கு. மோடத்திலிருந்து கணினிக்கு ஒரு லேன் வயர். மோடத்தில் 0, 35 என்ற இரண்டு எண்களையும், பயனர் பெயர், கடவுச்சொல்லையும் ஏற்ற வேண்டும். டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தால் எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி நலம் என்று பொருள். எக்ஸ்சேஞ்ச் தூரமானால் வேகம் குறையும். மழைக்காலத்தில் இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கினால் விளக்கு மறுபடி சிமிட்ட ஆரம்பிக்கும்.

பிராட்பேண்டைப் பிரெஞ்சில் 'ஓ தெபி' என்பார்கள். 'தெபி' என்றால் நீரோட்டத்தின் அளவு. தமிழில் 'அகலப்பட்டை' என்கிறோம். ஒருவர் ஓடும் தண்ணீரை அளக்கிறார், மற்றவர் வாய்க்காலின் அகலத்தை அளக்கிறார்.

ஆனால் எங்களூர்க்காரர்களுக்குப் பெரிதாகப் பட்டது வேகமோ அகலமோ அல்ல, அழைப்பு மீட்டர் நின்றதுதான். வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கும் தெருக்கள் இங்கே உண்டு. எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஏற ஏற, "எல்லாரும் சௌக்கியமா? சரி, வைக்கிறேன்" என்று முடித்துக்கொண்ட அக்கா தம்பிகள் எத்தனை பேர்! பிராட்பேண்ட் வந்தபின் என் அக்கா துலோனிலிருந்து திரையில் முகம் காட்டி, மீன் குழம்புக்குப் புளி கரைத்தபடியே ஒரு மணி நேரம் பேசுவார். இடையில் இருவரும் சும்மா இருந்தாலும் செலவு இல்லை. சும்மா இருக்க முடிந்ததே பெரிய பாக்கியம்.

இப்போது செம்பு போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. ஒளியில் செய்தி போகிறது, வேகம் பல மடங்கு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே செம்புக் கம்பியில் வந்தது. அதனால் புயலில் தெருவே இருண்டாலும் போன் பேசியது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கரண்ட் போனால் பெட்டியும் அணையும், அதில் மாட்டிய போனும் அணையும். தனியாக இருக்கும் பெரியவர்கள் அந்தப் பெட்டிக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.